பகல் தூக்கம்

படம் எடுக்க ஆள் இல்லாத வீடாகப் பார்க்கச் சொல்லியிருந்தார் சுந்தரவல்லி மேடம். மனித உடம்பின் சூடு குறுக்கே வந்தால் அளவு குழம்பிவிடும் என்றார். மதுரை கோச்சடையில் நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த காம்பவுண்டில் வரிசையாகப் பத்து வீடுகள். வெயில் ஏறியதும் ஒன்பது வீட்டு ஆட்களும் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பகல் முழுக்க ஆள் உள்ளேயே இருந்த ஒரே வீடு ஏழாம் நம்பர். கடைசியில் நான் அதிகமாகப் படம் எடுத்தது அந்த வீட்டைத்தான்.

அது இரண்டாயிரத்து நான்கு மே மாதம். கத்திரி தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் லேப் அசிஸ்டெண்ட். மேடம் அங்கே விரிவுரையாளர். மதுரையில் எந்தக் கூரை எவ்வளவு சூட்டை உள்ளே இறக்குகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதற்காகச் சென்னையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தோம். பார்க்கக் கல்யாண வீட்டு வீடியோ கேமரா மாதிரி இருக்கும். ஆனால் வெளிச்சத்தைப் பிடிக்காது, சூட்டைப் பிடிக்கும். ஒவ்வொரு படத்திலும் இருப்பதிலேயே சூடான இடம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரியும், இருப்பதிலேயே குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும். எந்த இடத்தில் குறி வைத்தாலும் இத்தனை டிகிரி என்று ஓரத்தில் எண் வரும். மாடி வீடுகளை மேடம் எடுத்துக்கொண்டார். சிமெண்ட் சீட் போட்ட வீடுகள் என் பங்குக்கு வந்தன.

ஏழாம் நம்பர் வாசலில் தங்கப்பொண்ணு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காளவாசல் பக்கத்து ஓட்டல் ஒன்றிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும். உரித்துச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கேமராப் பெட்டியைக் கீழே வைத்த சத்தத்துக்கே கையை உயர்த்தினார்.

"மெதுவா சார். உள்ள ஆள் தூங்குது."

"படம் எடுக்கணும்க்கா. ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லியாச்சு. அவர் எந்திரிச்ச பிறகு வாரேன்."

"எந்திரிக்கிறதுக்குத் தூங்குனாத்தான?" என்றார் அவர். "தூங்குறாருன்னு சொல்றதுதான். கெடக்காரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "முழிச்சுத்தான் இருக்கேன். வரச்சொல்லு."

பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் தண்ணீர்க் குடங்கள். பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு வெறும் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தார் மலைச்சாமி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மார்பில் நனைத்த துண்டு, அது ஏற்கெனவே முக்கால்வாசி காய்ந்திருந்தது. மேசை மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். நேராக வைத்தால் அடுப்பு ஊதுவது போல இருக்கிறது என்றார். மேலே சீட் வெயிலில் விரிந்து டக், டக் என்று தெறித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தெறிப்புக்கும் அவருடைய இமை அசைந்தது.

நான் நாலைந்து படம் எடுத்தேன். அவர் தலையை மட்டும் திருப்பி, "என்ன சார் தெரியுது?" என்றார்.

சின்னத் திரையை அவர் பக்கம் காட்டினேன். கூரை முழுக்க வெள்ளை. சுவர் மஞ்சள். தரை ஆரஞ்சு. அதன் நடுவில் கையும் காலும் விரித்த ஒரு நீல உருவம்.

"இது யாரு?"

"நீங்கதாண்ணே."

"நானா?" உற்றுப் பார்த்தார். "நான் வெந்து கெடக்கேன்னுல்ல நெனச்சேன். நீலமா இருக்கேன்."

"கூரை அம்பத்தேழு. சுவரு நாப்பத்துமூணு. தரையே முப்பத்தெட்டு. உங்க தோள் முப்பத்தாறு. இந்த ரூமுலேயே சூடு கம்மியா இருக்குறது நீங்கதான்."

மூன்று வாரத்தில் எத்தனையோ படம் எடுத்தேன். ஆள் குறுக்கே வந்த மற்றவற்றில் எல்லாம் மனுஷன்தான் பளிச்சென்று வெளுப்பாகத் தெரிவான். மனுஷன் நீலமாகத் தெரிந்த முதல் படம் அது.

மலைச்சாமிக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஊர். அவரும் மனைவி தங்கப்பொண்ணுவும் களை எடுப்பும் அறுப்புமாகப் பிறர் காட்டில் உழைத்துவிட்டு, மகள் பிறந்த வருஷம் மதுரைக்கு வந்திருக்கிறார்கள். திருமங்கலம் தாண்டி விருதுநகர் ரோட்டில் ஒரு பஞ்சு கோடவுன். அங்கே பதினோரு வருஷம் பொதி தூக்கினார். முதுகு விட்டுப்போனதும், பழகின ஆள் என்று இரவுக் காவலுக்கு மாற்றினார்கள். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை வேலை. பஸ் மாறி வீடு வந்து சேர ஒன்பதாகிவிடும். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால் பத்தரை வரைக்கும்தான். பிறகு சீட் தெறிக்கத் தொடங்கிவிடும். மறுபடி ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

மறுநாள் மரத்தடியில் தங்கப்பொண்ணு இதையெல்லாம் வெங்காயத் தோலைத் தள்ளியபடியே சொன்னார். மகள் பவதாரிணி பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். காம்பவுண்டுப் பிள்ளைகள் கத்தினால் எழுந்துபோய் அடக்கிவிட்டு வருவதும் அவள் வேலைதான்.

"வருசா வருசம் கத்திரி வரத்தான செய்யுது. எப்படியோ ஓட்டுனோம்," என்றார் தங்கப்பொண்ணு. "இந்த வருசம்தான் மனுசன் தாங்கல. சோத்துல கை வச்சமானிக்கே தலை தொங்குது. படுத்தா முழிச்சிக்கிடுது."

"வேற எங்கயாவது போய்ப் படுக்கலாம்லக்கா? ஆத்துப் பக்கம் மரம் இருக்கே."

பவதாரிணிதான் சொன்னாள். "படுத்தாரு சார். ரேசன் கடைத் தாவாரத்துல படுத்தாரு, ஆத்துக்கரைப் புளியமரத்துல படுத்தாரு. எங்க கிளாஸ்ல படிக்கிற பிள்ளை ஒண்ணு என்கிட்ட வந்து, உங்கப்பா குடிச்சிட்டுக் கெடக்காரு, போய்க் கூட்டிட்டு வான்னு சொல்லுச்சு."

"அதுல இருந்து வெளிய படுக்குறதில்ல," என்றார் தங்கப்பொண்ணு. "பீடி கூடக் குடிக்காத மனுசன்."

மழை பொய்த்த வருஷம் அது. தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வரும், வீட்டுக்கு எட்டுக் குடம். அந்த எட்டில் ஒன்றைத் தங்கப்பொண்ணு கூரைக்கு ஒதுக்கினார். பதினோரு மணிக்குச் சாக்கை நனைத்து, ஸ்டூலில் ஏறி, கழியால் சீட்டின் மேல் தள்ளிவிடுவார். அன்றைக்கு அவர் அதைச் செய்துகொண்டிருந்தபோது எட்டாம் நம்பர் முத்துத்தாய் வெளியே வந்தார்.

"குடிக்கத் தண்ணி இல்லாம ஊரே கெடக்கு. இங்க கூரைக்கு ஊத்துறாக."

"என் பங்குத் தண்ணிய நான் ஊத்துறேன்."

"உன் பங்கு தீந்தா எங்கிட்டதான ஒரு சொம்பு கேட்டு வருவ?"

"வரல. வந்தேன்னா குடுக்காத."

முத்துத்தாய் என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். அந்தச் சாக்கு நனைஞ்சா உள்ள என்னத்தக் குளுந்துறப் போகுது?"

நான் உள்ளே போய்க் கூரையைப் படம் எடுத்து வந்து காட்டினேன். வெள்ளைக் கூரையில் சாக்கு கிடந்த இடம் மட்டும் கருநீலமாக ஒரு முழ அகலத்துக்குத் தெரிந்தது. நாற்பத்தொன்று. முத்துத்தாய் திரையைப் பார்த்தார், பிறகு தங்கப்பொண்ணுவைப் பார்த்தார். தன் வீட்டுக்குள் போய், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஆனால் இருபது நிமிஷத்தில் சாக்கு காய்ந்துவிட்டது. அடுத்த படத்தில் அந்த நீலம் இல்லை.

சுண்ணாம்பு அடித்தால் சீட்டின் சூடு குறையும் என்று மேடம் ஏற்கெனவே கண்டுவைத்திருந்தார். ஹவுஸ் ஓனரிடம் கேட்டேன். மேலே ஆள் ஏறினால் சீட் உடையும், உடைந்தால் யார் மாற்றுவது என்றார் அவர். அதற்கு மேல் பேச அவருக்கும் தெம்பில்லை.

மூன்றாம் நாள் நான் போனபோது மலைச்சாமி படுக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் கஞ்சித் தட்டு அப்படியே இருந்தது. கையில் டைப் அடித்த காகிதம் ஒன்று.

"சார் படிச்சவரு, பாருங்க," என்று அதை வாங்கி நீட்டினார் தங்கப்பொண்ணு.

நோட்டீஸ். கோடவுனின் நாலு மூலையிலும் சங்கிலியில் மூலைக்கொரு சாவி தொங்குமாம். காவல்காரர் மணிக்கொரு தடவை சுற்றி வந்து, தோளில் மாட்டியிருக்கும் கடிகாரத்தில் அந்தச் சாவிகளைப் போட்டுத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் வட்டக் காகிதத்தில் குத்து விழும். காலையில் மேனேஜர் காகிதத்தை எடுத்துப் பார்ப்பார். மே மாதத்தில் இரண்டு இரவுகளில் குத்து விழவில்லை. ஒருநாள் லோடு லாரி வாசலில் அரை மணி நேரம் ஹாரன் அடித்து நின்றிருக்கிறது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"ஹாரன் அடிச்சது கேக்கவே இல்லையாண்ணே?"

"கேட்டுச்சு சார். எங்கயோ தூரத்துல அடிக்கிற மாதிரி கேட்டுச்சு. எந்திரிக்கணும்னும் தெரியுது. உடம்பு வரல."

தங்கப்பொண்ணு என் பெட்டியைக் காட்டினார். "சார், அந்த நீலப் படம் இருக்குல்ல. அதக் காயிதத்துல எடுத்துத் தர முடியுமா? இந்த வீட்டுல எப்படித் தூங்குறதுன்னு அந்த மேனேசரு பாக்கட்டும். வேணும்னு தூங்கலல்ல."

"அதெல்லாம் வேணாம்," என்றார் மலைச்சாமி. "வீட்டு வெக்கையக் கொண்டுபோயி வேலை எடத்துல எதுக்குக் காட்டணும்? மன்னிச்சுக்கிடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வாரேன்."

"போன தடவையும் அதத்தான எழுதிக் குடுத்தீங்க?"

அவர் கஞ்சித் தட்டை ஓரமாகத் தள்ளினார். நான்தான், "கேட்டுப் பாக்குறேன்க்கா," என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்கும் மேடத்துக்கும் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். லேபில் வேறு ஆள் இல்லாவிட்டால் அதில்தான் பேசிக்கொள்வோம். படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்ததும், "ஆள் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே சௌந்தரராஜன்," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். சுவரிலும் தரையிலும் எண்களைச் சரிபார்த்தார். அளவு சரிதானா என்று இரண்டு தடவை கேட்டார்.

"இந்தப் படத்தைக் கட்டுரையில போட மாட்டேன். அவரோட வீடு, அவரோட உடம்பு," என்றார். "அவரே கேட்டா தரலாம்."

"கேட்டாரு மேடம்," என்றேன். கேட்டது அவர் இல்லை, அவருடைய மனைவி.

மேடம் கல்லூரித் தாளில் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதினார். பகல் பதினொன்று முதல் மாலை ஆறு வரை இந்த அறையில் ஒருவர் போதுமான அளவு தூங்குவது இயலாது என்பது எங்கள் அளவீடுகளிலிருந்து தெரிகிறது. அந்த வரியை டைப் செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு நான் கோடவுனுக்குப் போனேன். தங்கப்பொண்ணு சொல்லியிருந்தபடி மலைச்சாமி ஏழு மணிக்கு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் லோடுமேன்களோடு உட்கார்ந்திருந்தார். கண் உள்ளே போயிருந்தது. முகத்தைக் கழுவி, சட்டையை மாற்றியிருந்தார்.

மேனேஜர் வெங்கடேஷ்பாபுவுக்கு வயது முப்பத்தைந்துக்குள்தான். மரியாதையான ஆள். என்னை உட்காரச் சொன்னார், மலைச்சாமியையும் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. மோர் வந்தது. படத்தைக் கையில் வாங்கியதும் மேனேஜரின் முகத்தில் ஆர்வம் தெரிந்தது.

"இது என்ன சார் கேமரா? பஞ்சுப் பொதிக்குள்ள சூடு ஏறுனா இதுல தெரியுமா?"

"மேலாப்புல ஏறியிருந்தா தெரியும்."

"ஒரு நாள் கொண்டுவர முடியுமா? போன வருசம் பக்கத்து கோடவுன்ல தீப்பிடிச்சு, அன்னையில இருந்து இன்சூரன்ஸ்காரன் எங்க உயிர எடுக்குறான். மணிக்கு மணி குத்து விழுந்திருக்கான்னு அவனே காயிதத்த வாங்கிப் பாக்குறான்."

மேடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவர் கடிதத்தைப் பிரித்தார். ஒரு தடவை படித்தார். அந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்து மறுபடி படித்தார். பிறகு கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

"சார், நீங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கீங்க. நான் இந்தத் தடவையும் இவர எச்சரிச்சு விடலாம்னுதான் இருந்தேன். பழைய ஆளு. ஆனா இத இப்ப என் கையில குடுத்துட்டீங்க."

"புரியல சார்."

"இவரு பகல்ல தூங்க முடியாதுன்னு காலேஜே எழுதிக் குடுத்திருக்கு. பகல்ல தூங்காத ஆளு ராத்திரி எப்படி முழிப்பாரு? நாளைக்கு இங்க ஒரு தீ வந்தா, தெரிஞ்சே ஏன் இவர வச்சிருந்தேன்னு என்னத்தான கேப்பாங்க?"

"அந்தக் கடிதத்த நான் எடுத்துட்டுப் போயிறேன் சார். நீங்க பாக்கலன்னு வச்சுக்குங்க."

"பாத்துட்டேனே," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. மலைச்சாமியிடம், "வேற வீடு பாக்க முடியுமாண்ணே? ஓட்டு வீடா, மாடிக்குக் கீழ இருக்குற வீடா?" என்று கேட்டார்.

"பாக்கணும்," என்றார் மலைச்சாமி. பார்க்க முடியாது என்பது மூவருக்கும் தெரிந்தது.

"லோடு வேலைக்கு வேணா எப்ப வேணும்னாலும் வாங்க. பகல் வேலைதான்."

மலைச்சாமியின் கை தானாக இடுப்புக்குப் பின்னால் போய்த் திரும்பியது. "சரிங்க," என்றார். தோளில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதன் தோல்வாரைச் சுருட்டிச் சரியாக ஓரத்தில் வைத்தார். மோர் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

ரோட்டில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தோம். மதுரை பெரியார் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக அவரை உட்காரவைத்தேன்.

"அண்ணே, நான் கொண்டுவந்திருக்கக் கூடாது."

"நீங்க என்ன சார் செய்வீங்க? உள்ளதத்தான எழுதியிருக்கு." கொஞ்சம் பொறுத்து, "அவருஞ் சொன்னதுல தப்பில்ல. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. பஞ்சுல்ல," என்றார்.

பஸ் கிளம்பியதும் காற்று வந்தது. சூடான காற்றுதான், ஆனால் ஓடுகிற காற்று. கப்பலூர் வருவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. முதலில் திடுக்கிட்டு நிமிர்ந்தார், மறுபடி சாய்ந்தார். அப்புறம் நிமிரவில்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. திருநகரில் கூட்டம் ஏறியது, பழங்காநத்தத்தில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அவர் அசையவில்லை.

பெரியாரில் பஸ் காலியானது. கண்டக்டர் வந்து நின்றார்.

"எறங்கலையா?"

"இது மறுபடி திருமங்கலம்தான போகுது?"

"பத்து நிமிசத்துல எடுக்கணும். என்ன, தண்ணியா?"

"இல்லண்ணே. நைட் வாட்ச்மேன்."

கண்டக்டர் மலைச்சாமியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "நானும் நேத்துல இருந்து டபுள் டூட்டிதான்," என்றார்.

"ரெண்டு திருமங்கலம் குடுங்க."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். திருமங்கலத்தில் நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே திரும்பி வருவதற்கும் இரண்டு டிக்கெட்டைக் கொடுத்தார். என் தோள் மரத்துப்போயிருந்தது. வெளியே கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. கருவேலம் மட்டும் பச்சையாக நின்றது. அவர் எடை கொஞ்சம் கொஞ்சமாக என்மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. நாற்பதைத் தாண்டிய ஒரு ஆள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை பெரியாருக்குள் பஸ் திரும்பும்போதுதான் கண் விழித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கப்பலூர் தாண்டிட்டமா?"

"பெரியாரே வந்தாச்சுண்ணே."

"அதுக்குள்ளயா?" ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நிழல்கள் கிழக்கே நீண்டிருந்தன. அவருக்குப் புரிந்திருக்கும். கேட்கவில்லை, இறங்கிக் கோச்சடை பஸ்ஸைத் தேடி நடந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மர டிப்போவில் அவருக்குப் பகல் வேலை கிடைத்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் காம்பவுண்டுக்குள் நுழைந்தபோது தங்கப்பொண்ணு மரத்தடியில் கடைசிக் கூடை வெங்காயத்தோடு இருந்தார். காலையிலிருந்து காத்திருந்தவர் எழுந்து நின்றார். புருஷனின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் சிவப்பு போயிருந்தது, கன்னம் தெளிந்திருந்தது. தங்கப்பொண்ணுவின் முகமும் தெளிந்தது. அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"சரின்னுட்டாரா?" என்றார். "மொகத்தப் பாத்தாலே தெரியுதே. ஏ பவா, கடையில போயி சாருக்கு ஒரு காப்பி வாங்கியா."

பவதாரிணி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மலைச்சாமி என்னைப் பார்க்கவில்லை. "இல்ல புள்ள. நின்னுக்கிறச் சொல்லிட்டாக," என்றார். "பஸ்ஸுல தூங்கிட்டேன். அதான் மொகம் இப்படி இருக்கு."

தங்கப்பொண்ணு கையில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைச் சேலையில் துடைத்தார்.

"எம்புட்டு நேரம் தூங்குனீங்க?"

"தெரியல. சாரு எழுப்பல."

தங்கப்பொண்ணு என் பக்கம் திரும்பினார். நான் கேமராப் பெட்டி இல்லாத என் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைச்சாமி வீட்டுக்குள் போகத் திரும்பினார்.

"உள்ள போகாதீங்க. இன்னும் சூடு எறங்கல," என்றார் தங்கப்பொண்ணு. கூடையை நகர்த்தி மரத்தடியில் இடம் விட்டார். மலைச்சாமி உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை எடுத்து நகத்தால் கீறத் தொடங்கினார்.

பவதாரிணி தூக்குச்சட்டியோடு நின்றபடியே கேட்டாள். "அம்மா, காப்பி வாங்கவா, வேணாமா?"

"வாங்கிட்டு வா," என்றார் தங்கப்பொண்ணு. "ரெண்டா வாங்கிட்டு வா."